ஆச்சியின் சருவத்துக்கு ஈயம் பூசினோம்

ஆச்சி வீட்டு மச்சில் கிடந்த பித்தளைச் சாமான்களை எடைக்குப் போடுவதா, பங்கு பிரிப்பதா என்று வீட்டில் பேச்சு வந்தபோது நான் குறுக்கே விழுந்து சிலவற்றைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். சருவம் என்பது எங்கள் பக்கத்து வாயகன்ற சமையல் பாத்திரம். அதில் பெரியது ஒன்று, நடுத்தரம் ஒன்று, கூடவே குத்துப்போணி என்கிற பாத்திரம் ஒன்று. நெல் அவிக்கிற அண்டாவும் என் தலையிலேயே விழுந்தது. அதை வைக்க வேறு யார் வீட்டிலும் இடமில்லை.

இவற்றில் மறுபடி சமைக்க வேண்டும், கேட்டவர்களுக்குக் கொடுத்து வாங்க வேண்டும், அவ்வளவுதான் திட்டம். பழைய பித்தளையைப் பளபளவென்று தேய்த்து, மேலே வார்னிஷ் அடித்து, கூடத்தில் பிளாஸ்டிக் செடி வைக்கிற பழக்கம் இப்போது பரவலாக இருக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. ஆச்சி பார்த்திருந்தால் "கொழம்பு வைக்கிற ஏனத்துல என்னலே இது?" என்றுதான் கேட்டிருப்பாள்.

ஆச்சி வாழ்க்கைப்பட்ட ஊர் திருநெல்வேலி மாவட்டத்து விக்கிரமசிங்கபுரம். பாபநாசத்துத் தண்ணீரின் விசையை நம்பி 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹார்வி சகோதரர்கள் நூற்பாலை தொடங்கிய இடம். தாத்தாவுக்கு அந்த ஆலையில்தான் வேலை. அவர் சீக்கிரம் போய்விட்டார். நாலு பிள்ளைகள். ஆச்சி திண்ணையில் இட்லிக்கடை போட்டாள். ஆலைச் சங்கு ஊதுவதற்கு முன்னால் முதல் ஈடு இறங்கிவிட வேண்டும் என்பதால் அவளுடைய நாள் நடுச்சாமத்துக்குக் கொஞ்சம் பிந்தித் தொடங்கும். மாவு முந்தின நாள் சாயங்காலமே ஆட்டுரலில் ஆட்டி வைத்தது. கிரைண்டர் வந்த பிறகும் சட்னி மட்டும் அம்மிதான். காலைக் கடை முடிந்ததும் உட்கார மாட்டாள். கார், பிசானம் என்ற இரண்டு போக நெல் அறுப்பும் வருகிற மாதங்களில் தெருக்காரர்களின் நெல்லை வாங்கி அவித்துக் காயப்போட்டுக் கொடுப்பாள். கூலி பெரும்பாலும் அரிசியாக வரும். அந்த அரிசிதான் மறுநாள் இட்லி.

கடன் கணக்கைச் சுவரில் கரித்துண்டால் கோடு போட்டு வைப்பாள். ஆள் பெயர் எழுத மாட்டாள், எந்தக் கோடு யாருடையது என்பது அவளுக்குத் தெரியும். பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது அந்தச் சுவருக்கும் சேர்த்து அடித்துவிடுவாள். அதோடு அந்த வருசத்துக் கோடுகள் போய்விடும். "வெள்ளையடிக்கிறதுக்கு முன்ன ஒரு நோட்டுல எழுதி வச்சா என்ன?" என்று என் அம்மா சண்டை போட்டிருக்கிறாள். ஆச்சி பதில் சொல்லாமல் சுண்ணாம்பைக் கலக்கிக்கொண்டிருப்பாளாம்.

சரி, பாத்திரத்துக்கு வருவோம்.

இறக்கி வைத்துப் பார்த்தபோது பெரிய சருவம் 11 கிலோ சொச்சம். உள்ளே ஈயம் என்று சொல்ல விளிம்பை ஒட்டி ஒரு சாம்பல் நிறப் பட்டை மட்டும். அதற்குக் கீழே வெறும் பித்தளை, அதன்மேல் பச்சைக் களிம்பு. நடுத்தரச் சருவத்தில் ஆச்சி தினமும் சாம்பார் வைத்தாள், பதினைந்து லிட்டர் பிடிக்கும். போணியில் தண்ணீர் ஊற்றிவிட்டு அரை மணி கழித்துப் பார்த்தால் தரை நனைந்திருந்தது. வெயிலுக்கு எதிராகத் தூக்கிப் பிடித்தால் அடியில் ஊசிமுனை அளவுக்கு ஒரு வெளிச்சப் புள்ளி.

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். புளியோ தக்காளியோ எலுமிச்சையோ பட்டால் செம்பு கரைந்து குழம்பில் இறங்கும். நாக்கில் ஒரு உலோகச் சுவை தட்டும், அதிகமானால் வாந்தி. அதனால்தான் உள்ளே ஈயம். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 2011-ஆம் ஆண்டு விதிமுறைகளிலும், சரியாக ஈயம் பூசாத செம்பு, பித்தளைக் கலங்கள் உணவுக்கு ஆகாதவை என்றே இருந்தது. எங்கள் பக்கத்துச் சொதியில் தேங்காய்ப்பாலும் கடைசியில் எலுமிச்சைச் சாறும் சேரும். கல்யாண மறுவீட்டுச் சாப்பாட்டுக்குப் பெரிய சருவத்தில் சொதி கொதித்த காலங்களில் ஆச்சி வருசம் தவறாமல் ஈயம் பூசியிருக்கிறாள். பூசுகிற கூலி அவளுடையது. சொதி பெரும்பாலும் அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்தில்.

பூசுகிற ஆளைத் தேடியதுதான் பெரும்பாடு. முன்பு தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு வருவார்கள். எவர்சில்வர் வீடுகளுக்குள் வந்து, பழைய பித்தளையை எடைக்குக் கொடுத்து மாற்றிக்கொள்ளத் தொடங்கிய பிறகு அந்தக் குரல் நின்றுபோயிற்று. ஆச்சியும் சின்ன டம்ளர், கிண்ணங்களை மாற்றியவள்தான். பெரியவற்றைத் தரவில்லை. பணம் உள்ளவன் வாடகைக் கடைக்குப் போவான், இல்லாதவன் எங்கே போவான் என்பது அவள் கணக்கு. கடைசியில் திருநெல்வேலி டவுனில் ஒரு பாத்திரக் கடையில் விசாரித்து, தென்காசிப் பக்கம் ஒரு பெரியவர் இருக்கிறார் என்று தெரிந்தது. கோயில் பாத்திரங்களுக்கு மட்டும் இன்னும் பூசுகிறாராம். வீட்டுக்கு வரச் சம்மதித்தார். ஒரு நிபந்தனை.

"தேச்சு வைக்கது ஒங்க வேல தம்பி. பூசுதது மட்டும் நான். அழுக்கு இருந்தா நான் திரும்பிப் போயிருவேன்."

ஈயமும் நாங்களே வாங்கி வைக்க வேண்டும் என்றார். இங்கேதான் கவனம் வேண்டும். பூசவேண்டியது வெள்ளீயம், அதாவது டின். காரீயம், அதாவது லெட், நஞ்சு. விலை குறைவு என்பதற்காக இரண்டையும் கலந்து விற்பதுண்டு. சுத்த வெள்ளீயக் கட்டியின் மெல்லிய துண்டைக் காதருகே வைத்து வளைத்தால் நறநறவென்று ஒரு சத்தம் கேட்கும், உள்ளே படிகங்கள் சட்டென்று திசை மாறி அமைகிற சத்தம். காரீயம் வாய் திறக்காமல் வளையும், வெள்ளைத் தாளில் தேய்த்தால் பென்சில் மாதிரி கோடு விழும். கலப்படம் கொஞ்சமாக இருந்தால் இந்தச் சோதனைகளில் சிக்காது. அதனால் தூய்மைச் சான்றோடு விற்கிற உலோகக் கடையில், பில்லோடு வாங்கினேன். விலை அதிகம்தான். சாமான் மூன்றுக்கும் சேர்த்து அரைக் கிலோவுக்குள் முடிந்துவிட்டது என்பது ஆறுதல்.

தேய்ப்பு. முதலில் எண்ணெய்ப் பிசுக்கு போக வேண்டும். சலவைச் சோடா போட்ட வெந்நீரை நிறைத்து ஒரு மணி நேரம் விட்டு, தென்னை நாரால் தேய்த்தோம். பிசுக்கு இருக்கிற இடத்தில் புளி பிடிக்காது. அப்புறம் புளியும் கல் உப்பும். பழைய புளியாக இருந்தால் நல்லது. கெட்டியாகக் கரைத்துப் பூசி, கால் மணி நேரத்துக்குள் தேய்த்துக் கழுவிவிட வேண்டும். ராத்திரி முழுக்க ஊறட்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். துத்தநாகம் கரைந்து, செம்பு மட்டும் மேலே நின்று, ரோஸ் நிறத்தில் திட்டுத் திட்டாகத் தெரியும். களிம்பு தடித்த இடங்களில் செங்கல்பொடி. பூசுகிறவர்களில் சிலர் அமிலம் ஊற்றிச் சுலபமாக முடிப்பார்கள். எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைகள் ஓடுகிற முற்றம், எனவே அமிலம் வேண்டாம் என்று வைத்துக்கொண்டோம். பெரிய சருவத்தின் அடிப்பகுதிக்கு ஒரு பழைய முறை உண்டு: உள்ளே மணலைப் போட்டு, சாக்கை விரித்து, அதன்மேல் ஏறி நின்று சுவரைப் பிடித்துக்கொண்டு இடுப்பை இடமும் வலமும் திருப்புவது. என் தங்கை மகன் அதை மிகவும் ரசித்துச் செய்தான்.

தேய்க்கத் தேய்க்க எழுத்துகள் வெளியே வந்தன. அந்தக் காலத்தில் பாத்திரக் கடையிலேயே சின்ன உளியால் புள்ளி புள்ளியாகப் பெயர் குத்திக் கொடுப்பார்கள். பெரிய சருவத்தின் கழுத்தில் ஆச்சியின் அப்பா பெயரின் முதலெழுத்தும், ஆச்சி பெயரும், 1954 என்ற வருசமும். கல்யாணச் சீர். நடுத்தரச் சருவத்தில் ஆச்சி பெயர் மட்டும், எழுத்து வேறு கை. கடை நடத்திய காசில் அவளே வாங்கியது. போணியில் இருந்தது ஆச்சி பெயரே அல்ல. அம்மா ஒரு பார்வையில் சொல்லிவிட்டாள். தெருக்கோடியில் இருந்த ஒரு பெண், மகனுக்குப் பள்ளிக்கூடப் பணம் கட்ட ஆச்சியிடம் கைமாற்று வாங்கியபோது கட்டாயப்படுத்தி அடகாக வைத்துவிட்டுப் போனது. ஆச்சி அடகு பிடிக்கிறவள் இல்லை. அந்தக் குடும்பம் பிறகு ஊரைவிட்டே போய்விட்டது. மற்ற பாத்திரங்களெல்லாம் புழக்கத்தில் அடிபட்டிருக்க, இந்தப் போணியில் நெளிவு குறைவாக இருந்ததற்குக் காரணம் அதுதான்: ஆச்சி அதைப் புழங்க மாட்டாள். "அடுத்தவ சாமான்" என்று மச்சிலேயே துணி சுற்றி வைத்திருந்தாள்.

பெரியவர் விடியற்காலையிலேயே வந்துவிட்டார். முற்றத்தில் அரை முழம் ஆழத்துக்குக் குழி. ஒரு பக்கமாகச் சரித்து ஒரு இரும்புக் குழாய், அதன் மறுமுனையில் கையால் சுற்றுகிற காற்றுச் சக்கரம். கரி, சீமைக்கருவேலங்கரி. புகையும் கரியும் படியாமல் நின்று எரிவது அதுதான், விறகு ஆகாது. சக்கரம் சுற்றுகிற வேலை எனக்கு. குறட்டால் பிடித்துத் திருப்புகிற வேலை என் மச்சானுக்கு.

முதலில் போணி ஓட்டை. வெளியே ஒரு சின்னச் செம்புத் தகட்டை வைத்து ரிவிட் அடித்தார். உள்ளே பூசும்போது அந்த இடத்தில் ஈயத்தைக் கொஞ்சம் தேங்கவிட்டு நிறைத்துவிடலாம் என்றார். ரேடியோ, டி.வி. வேலைக்கு வாங்குகிற சால்டர் கம்பியை இதற்குத் தொடக்கூடாது, பெரும்பாலானவற்றில் காரீயம் கலந்திருக்கும்.

நடுத்தரச் சருவத்தை எடுத்து உள்ளே பார்த்தவர், விரலால் விளிம்பை ஒட்டித் தடவினார். மிச்சமிருந்த பழைய ஈயப் பட்டை விளிம்பிலிருந்து நாலு விரல் அகலம்தான்.

"இது வீட்டு ஏனம் இல்லியே. கடை ஏனமா?"

"ஆமா அண்ணாச்சி, ஆச்சி இட்லிக்கடை வச்சிருந்தாங்க."

"அதான். கரண்டி படுத எடத்துல ஈயம் தேஞ்சிருக்கும், மேல நிக்கும். வீட்டு ஏனத்துல பாதிக்கு மேல ஈயம் இருக்கும். இதுல கழுத்து வரைக்கும் தேஞ்சு கெடக்கு. நெறயத்தான் வச்சிருக்காக, ஒரு நாளும் கொறைக்கல."

சாம்பாருக்குக் கணக்குப் பார்க்காத கடை என்று ஆலைக்காரர்கள் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். இரண்டு இட்லி வாங்கிவிட்டு மூன்று தடவை சாம்பார் கேட்கிறவர்கள் உண்டு. அவர்கள் இட்லிக்குக் காசில்லாமல் அப்படிச் செய்கிறார்கள் என்பது ஆச்சிக்குத் தெரியும், கேட்காமலே ஊற்றுவாள். அதற்குப் பித்தளையில் ஒரு அளவுகோடு விழுந்திருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை.

பூச்சு வேலை பார்க்க எளிது, கை பழக வேண்டும். பாத்திரத்தைக் கங்கில் வைத்துச் சுற்றிச் சுற்றிச் சூடேற்ற வேண்டும். பெரியவர் நவச்சாரத் தூளை, அதாவது அம்மோனியம் குளோரைடை, விரல் நுனியில் எடுத்துத் தூவிப் பார்ப்பார். சும்மா கிடந்தால் சூடு போதவில்லை. தொட்டதும் வெள்ளைப் புகை கிளம்பினால் பதம். உடனே பஞ்சுப் பொதியால் அந்தத் தூளை உட்புறமெங்கும் தேய்ப்பார். நவச்சாரம் சூட்டில் பிரியும்போது வருகிற அமிலம், உலோகத்தின் மேல் படிந்திருக்கிற ஆக்சைடைத் தின்றுவிடும். அந்தச் சுத்தமான பரப்பில்தான் ஈயம் ஒட்டும். அடுத்த நொடி ஈயக் குச்சியை வைத்து ஒரு இழுப்பு. அது 232 டிகிரியில் உருகிவிடும், பித்தளை உருக 900 டிகிரியாவது வேண்டும், எனவே நடுவில் வேலை செய்ய இடம் நிறைய இருக்கிறது. உருகிய துளியைப் பஞ்சால் பரத்தித் துடைத்தால், மஞ்சள் சுவரில் வெள்ளி ஏறிக்கொண்டே போகும். இது வெறுமனே மேலே அப்பியிருப்பது இல்லை. தொடுகிற இடத்தில் ஈயமும் செம்பும் கலந்து ஒரு மெல்லிய அடுக்கு உண்டாகிறது, அதனால் உரிந்து வராது.

சூடு மீறினால் ஈயம் மங்கி மஞ்சளடிக்கும். "தூக்கு தூக்கு, மஞ்சளடிக்குது, காத்த நிறுத்துங்க" என்று பெரியவர் கத்த, நான் சக்கரத்தை விட, மச்சான் குறட்டோடு பின்வாங்க, இப்படியே போயிற்று. நவச்சாரப் புகை தொண்டையைப் பிடிக்கும். காற்று வருகிற திசையில் உட்கார்ந்துகொண்டு, மூக்கில் ஈரத்துணி கட்டிக்கொள்வது அவசியம். வீட்டுக்குள் இந்த வேலை கூடவே கூடாது. ஆஸ்துமாக்காரர்கள் தெருவுக்கே வர வேண்டாம்.

பெரிய சருவத்தை மொத்தமாகச் சூடேற்ற முடியவில்லை. முதலில் அடி, பிறகு சரித்து வைத்துப் பக்கம் பக்கமாகத் திருப்பி. ஒரு பக்கம் பூசுவதற்குள் மறுபக்கம் ஆறிவிடும். சேர்கிற இடங்களில் மறுபடி நவச்சாரம் தொட்டு, மறுபடி துடைத்து. அதற்கு மட்டும் 200 கிராமுக்கு மேல் ஈயம் பிடித்தது. விளிம்பில் ஒரு பெரிய நெளிவு உண்டு. கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கொடுத்து அனுப்பியபோது வண்டியிலிருந்து விழுந்தது. தட்டி நிமிர்த்தட்டுமா என்று பெரியவர் கேட்டார். அம்மா வேண்டாம் என்றுவிட்டாள். பூச்சுக்கு அது இடைஞ்சல் இல்லை என்பதால் அவரும் விட்டுவிட்டார். மதியத்துக்குள் மூன்றும் முடிந்தன. பெரியவர் சாப்பிட்டுவிட்டு, கேட்ட கூலியை வாங்கிக்கொண்டு, மீந்த ஈயக் குச்சியை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

பூசிய பிறகு செய்ய வேண்டியவை கொஞ்சம் இருக்கின்றன. வெள்ளைத் துணியால் உள்ளே துடைத்தால் முதலில் கருப்பாக வரும், நவச்சாரத்தின் மிச்சம். வெந்நீரும் சாம்பலும் போட்டு, துணியில் கறை ஒட்டாமல் போகும்வரை கழுவ வேண்டும். அதன்பின் தண்ணீர் நிறைத்துக் கொதிக்கவைத்துக் கொட்டிவிட்டுத்தான் சமையல். வெறும் பாத்திரத்தை அடுப்பில் வைக்கக்கூடாது, எண்ணெய் காயவைக்கவும் கூடாது. காய்ந்த எண்ணெய் விட்டால் 232 டிகிரியையும் எட்டிவிடும், ஈயம் இளகி வழிந்துவிடும். ஆச்சி எந்தக் குழம்புக்கும் தனியாக இரும்புக் கரண்டியில் தாளித்துக் கடைசியில் கொட்டுவாள். மணத்துக்காக என்று நினைத்திருந்தேன், அதுவும் உண்டுதான். கம்பிச் சுருள் போட்டுத் தேய்க்கக் கூடாது. உள்ளே மரக்கரண்டி நல்லது.

முதல் சமையல் நடுத்தரச் சருவத்தில் சாம்பார், ஆச்சியின் திவசத்துக்கு மறுநாள். குண்டரிசியான அம்பை 16-இல் இட்லி. அம்மாவின் கை ஆச்சியின் கை இல்லை, அதை அம்மாவே சொல்லிவிட்டாள். தெருவில் ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற தாத்தாக்கள் சிலரைக் கூப்பிட்டிருந்தோம். அதில் ஒருவர் சாப்பிட்டு முடித்ததும் சட்டைப் பையில் கைவிட்டு ஒரு நூறு ரூபாய்த் தாளை எடுத்து இலைக்குப் பக்கத்தில் வைத்தார். "ஒங்க ஆச்சி சொவத்துல என் கோடு இருந்துச்சுய்யா." அம்மா வாங்கவில்லை. அவர் எடுத்துக்கொள்ளவும் இல்லை. தாள் கொஞ்ச நேரம் அங்கேயே கிடந்து, என் தங்கை மகன் அதை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினான். யாரும் தடுக்கவில்லை.

பெரிய சருவத்தை இதற்குள் ஒரு மறுவீட்டுக்குக் கேட்டு வாங்கிப்போனார்கள். தாளிக்காதீர்கள், சொதியை ராத்திரி முழுக்க அதிலேயே வைக்காதீர்கள் என்று சொல்லித்தான் கொடுத்தேன். திரும்பி வந்தபோது ஈயம் அப்படியே இருந்தது. அவர்கள் வெறும் பாத்திரமாகத் திருப்பவில்லை, ஒரு தூக்கில் சொதியும் இஞ்சித் துவையலும் உள்ளே வைத்திருந்தார்கள். வாடகை எவ்வளவு என்று கேட்ட மாப்பிள்ளை வீட்டுப் பையனுக்கு அம்மா ஒரு முறை முறைத்தாள்.

இனி அண்டாதான் பாக்கி. அதற்கு ஈயம் தேவையில்லை, நெல் அவிக்கத்தானே. ஆனால் அடியும் உடலும் சேர்கிற மூட்டு விட்டிருக்கிறது. பல் பல்லாக வெட்டிக் கோத்து, பித்தளைப் பற்று, அதாவது உருக்கி ஒட்டுகிற பித்தளை, வைத்து இணைத்த பழைய வேலை. உமித் தீயிலேயே காலமெல்லாம் நின்றதில் அந்தப் பற்று அரித்துப்போயிருக்கிறது. ஈயத்தால் அடைத்தால் தீயில் நிற்காது என்று பெரியவர் சொல்லிவிட்டார். பாத்திரப் பட்டறையில் கொடுத்துப் பித்தளைப் பற்றே மறுபடி வைக்க வேண்டும். பிசான அறுப்புக்குள் முடிந்தால், தெருவில் ஒரு வீட்டில் இரண்டு மூட்டை நெல் இருக்கிறது, அவித்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.